மூச்சைப் பிடிங்க, சம்பந்தியம்மா

எனக்குக் கோபம் வராது. எல்லாரும் சேர்ந்து வரவழைக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் எக்ஸ்ரே எடுப்பவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை என் உத்தியோகமே மூன்று கட்டளைகள்தான்: மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. இதைக் குழைந்து கெஞ்சிக் கேட்டால் ஒருத்தரும் செய்யமாட்டார்கள். படத்தில் விலா எலும்பெல்லாம் கலங்கிப்போய் வரும், டாக்டர் என்னைக் கூப்பிட்டு வைத்து வாங்கு வாங்கென்று வாங்குவார். அதனால் அதட்டுகிறேன். அதட்டி அதட்டி அந்தக் குரல் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வா என்கிறார் என் வீட்டுக்காரர். குரலென்ன செருப்பா, வாசலில் கழற்றி வைக்க?

மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். மாப்பிள்ளை வீட்டில் ஸ்பானிஷ்தான் பேசுவார்கள். மாப்பிள்ளை தங்கமான பையன். அவருடைய அம்மா, அதாவது என் சம்பந்தியம்மா, அதே வீட்டில்தான் இருக்கிறார். கல்யாணத்தன்று என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். எனக்குக் கூச்சத்தில் உயிரே போய்விட்டது. அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை, பேச பாஷையும் இல்லை.

வேலை முடிந்து வந்ததும் மகளுக்கு ஃபோன் அடிப்பேன். அங்கே அவள் சமையலறையில் நிற்கிற நேரம். ஃபோனை ஒரு ஜாடியில் சாய்த்து, ஸ்பீக்கரைப் போட்டு வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். பின்னால் யாரோ காய் நறுக்குகிற சத்தம் டக் டக்கென்று கேட்டுக்கொண்டே இருக்கும். நானும் அவளிடம் கதையா பேசப்போகிறேன்? தலையைத் துவட்டு, பாலைக் குடி, கனம் தூக்காதே. அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே விடிகிற நேரம் பார்த்து அடித்து, எழுந்திரு என்று எழுப்புவேன். இல்லையென்றால் அவள் மதியம் வரை தூங்குவாள், அப்பா ஜாதி.

அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். எக்ஸ்ரே அறைக்கு வந்த எல்லாரிடமும் மூச்சை விடுங்க என்று சொல்லிவிட்டு, கூடவே நான் பாட்டியாகப் போகிறேன் என்றும் சொன்னேன். பிறகு ஒருநாள், பிரசவத்துக்கு லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்று மகளிடம் சொன்னபோது, அந்தப் பக்கம் காய் நறுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வேண்டாம்மா," என்றாள். "இங்க அத்தை இருக்காங்க, பார்த்துக்குவாங்க. நீ வந்தா என்னை அதட்டிக்கிட்டே இருப்பே."

சரி, ஃபோனை வை என்றேன். அவளும் வைத்தாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். பெற்ற வயிறு எரியாதா? எந்த ஊரில் நடக்கும், மகள் வலியில் கிடக்கும்போது அம்மா தன் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்ப்பது?

வாரக் கடைசியில் இன்னொரு செய்தி வந்தது. சம்பந்தியம்மா தன் தங்கை வீட்டுக்குப் போகிறாராம், போகிற வழியில் எங்கள் வீட்டில் தங்குகிறாராம். கர்ப்பிணி பறக்கக்கூடாது என்பதால் மகள் வரவில்லை, மாப்பிள்ளைக்கும் வேலை. தனியாக வருகிறார். அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. அந்த வீட்டில் பெரியவர் அவர்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மகள் தட்டமாட்டாள். அவரைக் கைக்குள் போட்டுக்கொண்டு, பிரசவத்துக்கு என்னைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். மகளுக்கோ மாப்பிள்ளைக்கோ முன்கூட்டித் தெரியக்கூடாது. தெரிந்தால், என்னம்மா நாடகம் என்பாள்.

என் மகனுக்கு வீட்டில் பேரே நாளைக்கு. எதைச் சொன்னாலும் நாளைக்குச் செய்கிறேன் என்பதால் வந்த பேர். அவன் சொன்னான், எதற்கு இந்தப் பாடு, ஃபோனில் தமிழில் சொன்னால் அதுவே ஸ்பானிஷில் சொல்லிவிடுமே என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் கேட்க வேண்டியதை ஃபோன் கேட்குமா? நானே கேட்பேன், என் வாயால் கேட்பேன் என்று சொல்லி, அன்றைக்கே ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிற ஆப் ஒன்றை இறக்கினேன்.

அதில் ஒரு பெண் குரல் பாடம் நடத்தியது. ஃபோன்காரி என்று நான் பேர் வைத்தேன். தப்பாகச் சொன்னாலும் கோபமே வராது அவளுக்கு, மறுபடி முயலுங்கள் என்று தேன் ஒழுகச் சொல்வாள். எனக்கு அது இன்னும் எரிச்சல். ஒரு வினைச்சொல்லை எடுத்தால் நான், நீ, அவர், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆளுக்கு ஒரு வால். அப்புறம் நேற்றைக்கு ஒரு வால், நாளைக்கு ஒரு வால், கட்டளைக்கு ஒரு வால். தமிழிலும் அப்படித்தானே என்றார் என் வீட்டுக்காரர். தமிழ் தானாக வந்தது, இது தவழ்ந்து வரவேண்டியிருக்கிறது என்றேன். போங்கள் என்பதற்கு அவர்கள் வாயா என்கிறார்கள். சாப்பிடுங்கள் என்பதற்குக் கோமா. எங்கள் ஆஸ்பத்திரியில் இந்தச் சொல்லைச் சத்தமாகச் சொன்னால் வெளியே உட்கார்ந்திருக்கிற உறவுக்காரர்கள் ஒப்பாரி வைத்துவிடுவார்கள்.

என்னைத் தனியாக விட்டிருந்தால் நிம்மதியாகப் படித்திருப்பேன். வீடே சேர்ந்துகொண்டது. என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். அவர் வாயைத் திறந்தால் அந்தக் காலத்தில் என்றுதான் ஆரம்பிப்பார். ஸ்பானிஷிலும் அவருக்கு இறந்தகாலம் மட்டும் மளமளவென்று வந்தது. கோமீ, சாப்பிட்டேன். ஃபுயி, போனேன். சாப்பிட உட்காரும்போதே கோமீ என்பார். மகனுக்கு, சொல்லவே வேண்டாம், எதிர்காலம். கோமெரே, சாப்பிடுவேன். இரே, போவேன். எனக்குக் கட்டளை. கட்டளைப் பாடத்தில் மட்டும் ஃபோன்காரி எனக்கு நட்சத்திரமாக அள்ளிக் கொடுத்தாள். வாருங்கள், எழுந்திருங்கள், உட்காருங்கள், மூச்சை விடுங்கள், விடாதீர்கள். எல்லாம் முதல் தடவையே சரி. வீட்டில் நிகழ்காலம் மட்டும் ஒருத்தருக்கும் ஒட்டவில்லை.

எனக்கு வேண்டியதோ ஒரே ஒரு பணிவான வாக்கியம். வர ஆசைப்படுகிறேன், உங்களுக்குச் சம்மதமா என்று. அதற்குக் கிசியெரா என்று ஒரு தனி வடிவம் இருக்கிறது. எத்தனை தடவை உருப்போட்டாலும் தொண்டையைத் தாண்டி வெளியே வரும்போது கியெரோ என்று வரும். அதாவது, எனக்கு வேணும். மறுபடி முயலுங்கள் என்பாள் ஃபோன்காரி.

வேலை இடத்திலும் விடாமல் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததில் ஒரு விபரீதம் நடந்தது. உடற்பயிற்சி வாத்தியார் ஒருவர் நெஞ்சுப் படத்துக்கு வந்திருந்தார். கதவு அகல மார்பு. மூச்சை இழுங்க, பிடிங்க என்றேன். பிடித்தார். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வந்து பட்டனை அழுத்தினேன். அழுத்திய கையோடு கிசியெரா ஞாபகம் வந்துவிட்டது. நான் ஆசைப்படுவேன், நீ ஆசைப்படுவாய், அவர் ஆசைப்படுவார் என்று போய்க்கொண்டே இருந்தேன். விடுங்க என்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த மனுஷன் சொன்ன சொல் தட்டாதவர். நான் நிமிர்ந்து பார்த்தபோது கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து, எந்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அலறிக்கொண்டு ஓடினேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இங்க நாம எடுக்கிறது எக்ஸ்ரேம்மா. உயிரை இல்ல," என்றார். அவர் அப்படி மெதுவாகப் பேசினால் ரொம்பக் கோபம் என்று அர்த்தம்.

சம்பந்தியம்மா வந்து இறங்கினார். பெரிய சிவப்புப் பெட்டி, சின்ன உருவம், எதற்கும் சிரிக்கிற முகம். வாசலிலேயே மறுபடி இரண்டு கன்னத்திலும் முத்தம். என் வீட்டுக்காரர் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே ஓடிவிட்டார். சம்பந்தியம்மா கையைக் குவித்து வணக்கம் என்றார், அழகாக. அதற்கு மேல் ஏதோ சொல்ல வாயெடுத்து, சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டு நிறுத்திவிட்டார். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டில் கேட்டுவிடுவது என்று திட்டம். கோழி வறுத்து, உருளைக்கிழங்கு வேகவைத்து மேஜையை நிரப்பியிருந்தேன். வந்ததிலிருந்து என் ஸ்பானிஷ் கட்டளைக்கெல்லாம் சம்பந்தியம்மா அப்படியே கட்டுப்பட்டார். வாருங்கள் என்றால் வந்தார். எழுந்திருங்கள் என்றால் எழுந்தார். காலையில் கோமா, கோமா என்று நான் சொல்லச் சொல்ல நாலு முட்டை சாப்பிட்டார், பாவம். என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு, சென்றேன், உண்டேன், உறங்கினேன் என்று ஸ்பானிஷில் தன் வாழ்க்கை வரலாற்றை ஒப்பித்தார். மகன், பேசுவேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபோனுக்குள் போய்விட்டான்.

மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்ற சம்பந்தியம்மாவைப் பார்த்து, எனக்குத் தெரிந்ததிலேயே உருப்படியான சொல்லை எக்ஸ்ரே அறைக் குரலில் சொன்னேன்: சியென்டெஸே. உட்காருங்கள்.

உட்கார்ந்தார். நாற்காலிதான் அங்கே இல்லை. மேல் அலமாரியிலிருந்து நல்ல தட்டு எடுக்கிறேன் பேர்வழி என்று என் வீட்டுக்காரர் அந்த நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய், அதன்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை. சம்பந்தியம்மாவும் திரும்பிப் பார்க்கவில்லை. என் அதட்டலுக்கு யாரும் திரும்பிப் பார்த்துவிட்டுப் பணிவதில்லை. மேஜை விளிம்பில் விலா இடித்து, தரையில் போய் உட்கார்ந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலி மேல் நின்றபடியே என் வீட்டுக்காரர், விழுந்தார் என்று ஸ்பானிஷில் சொன்னார். இறந்தகாலம், சரியான வடிவம். அந்தத் தட்டை வாங்கி அவர் தலையிலேயே போடலாம் போலிருந்தது.

சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டேதான் எழுந்தார், ஆனால் மூச்சு இழுக்கும்போது முகம் சுளித்தார். விலாவில் கீறல் விட்டிருந்தால்? பிரசவத்துக்கு என்னைக் கூப்பிடச் சொல்லிக் கேட்க நினைத்தவள், பிரசவம் பார்க்க இருந்த ஆளையே உடைத்து அனுப்பினேன் என்று ஆகாதா? மகள் முகத்தில் எப்படி முழிப்பேன்? எல்லாரும் கிளம்பி எங்கள் ஆஸ்பத்திரிக்கே போனோம். டாக்டர் அமுக்கிப் பார்த்தார், எதற்கும் ஒரு படம் எடுத்துவிடலாம் என்றார். போகிற போக்கில் என் பக்கம் திரும்பி, "விடுங்கன்னு சொல்ல மறந்துடாதீங்க," என்றார்.

என் அறைக்குள் நுழைந்ததும் எனக்குத் தெம்பு வந்தது. அங்கே என் ராஜ்யம். சம்பந்தியம்மாவை எக்ஸ்ரே தட்டுக்கு முன்னால் நிறுத்தி, தோளை முன்னால் தள்ளி, கையை இடுப்பில் வைக்கச் செய்தேன். ரெஸ்பிரே, இழுங்கள். இழுத்தார். நோ ரெஸ்பிரே, பிடித்துக்கொள்ளுங்கள். பிடித்துக்கொண்டார்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வந்தேன். விரல் பட்டனுக்குப் போய்விட்டது. அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. இப்போது கேட்டால் என்ன? நாளைக் காலை கிளம்பிவிடுவார். இனி எப்போது தனியாகக் கிடைப்பார்? இப்போது அசையமாட்டார், சிரிக்கமாட்டார், முத்தம் கொடுக்கமாட்டார், முக்கியமாக, மறுத்துப் பேசமாட்டார். பட்டனை விட்டுவிட்டு மைக்கைப் பிடித்தேன். கி என்று ஆரம்பித்தேன். கிசி. அதற்கு மேல் வரவில்லை. கியெ வந்தது, அதை விழுங்கினேன். ஃபோன்காரியின் குரல் காதுக்குள் மறுபடி முயலுங்கள் என்றது. மறுபடி முயன்றேன். உள்ளே சம்பந்தியம்மாவின் கழுத்து சிவந்தது, பிறகு காது சிவந்தது. நான் கிசி, கிசி என்று எலி மாதிரி கத்திக்கொண்டிருந்தேன்.

சம்பந்தியம்மா திரும்பினார்.

"என்னடி பண்றே!" என்றார். "சீக்கிரம்! நேரமாச்சு!"

தமிழில். அதுவும் என் குரலில். அதே இழுப்பு, அதே கடைசி எழுத்தில் விழுகிற அதே அடி. எனக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினேன். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்ட பிள்ளை மாதிரி முழித்தார். தமிழா என்று கேட்டேன். முதலில் தலையை இல்லை என்று ஆட்டினார். பிறகு பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. தலையைத் துவட்டு. பாலைக் குடி. கனம் தூக்காதே. எழுந்திருடி, மணி என்ன. ஃபோனை வை. வரிசையாக, ஒரு மூச்சில், ஒரு எழுத்து பிசகாமல்.

டக் டக்கென்று காய் நறுக்கிய சத்தம் யாருடையது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் மகளோடு சேர்த்து அவரையும் அல்லவா அதட்டியிருக்கிறேன். ஃபோன்காரி எனக்குக் கொடுத்த பாடத்தைவிட நான் இவருக்குக் கொடுத்த பாடம் நன்றாக ஏறியிருக்கிறது. வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவர் இன்னும் நிறுத்தவில்லை. தன் வயிற்றுக்கு முன்னால் பெரிதாக வளைத்துக் காட்டினார், என் மகள். அந்த இல்லாத வயிற்றை உள்ளங்கையால் தட்டி, "சும்மா இரு. உதைக்காதே. கம்முனு தூங்கு," என்றார். அதுவும் என் குரல்தான், ஆனால் என் மகள் வழியாக வந்த என் குரல். என் மகள் பிறக்காத பிள்ளையை என்னை மாதிரி அதட்டிக்கொண்டிருக்கிறாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கிசியெரா எங்கேயாவது ஒழியட்டும் என்று, என்னைச் சுட்டிக் காட்டினேன், அந்த வயிறு இருந்த இடத்தைக் காட்டினேன். "யோ வோய்?" என்றேன். நான் வரட்டுமா என்று கேட்டதாகத்தான் என் நினைப்பு. நிகழ்காலம் எப்படியோ வந்துவிட்டது.

சம்பந்தியம்மா பையிலிருந்து ஃபோனை எடுத்தார், அடித்தார், ஸ்பீக்கரைப் போட்டார், எக்ஸ்ரே மேஜை மேல் கிடந்த, கதிரைத் தடுக்கிற ஈய அங்கியில் சாய்த்து வைத்தார். அங்கே விடிந்தும் விடியாத நேரம். மகள் தூக்கக் கலக்கத்தில் ம் என்றாள்.

"எழுந்திரு," என்றார் சம்பந்தியம்மா.

"அஞ்சு நிமிஷம்மா," என்றாள் என் மகள்.

"அம்மாவைக் கூப்பிடு."

அந்தப் பக்கம் மகள் புரண்டு எழுந்து உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு, அத்தை, நீங்களா என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஸ்பானிஷில் ஏதோ கடகடவென்று பொரிந்தாள். அந்த வார்த்தையெல்லாம் எங்கம்மா மட்டும்தான் சொல்லலாம், பெரியவங்க முன்னாடி வணக்கத்தோட நிறுத்திக்கணும்னு உங்களுக்குச் சொல்லித்தானே அனுப்பினேன் என்று கேட்டாளாம், பின்னால் அவளே சொன்னாள். சம்பந்தியம்மா அசைந்து கொடுக்கவில்லை. ஃபோனுக்குப் பக்கத்தில் குனிந்து, என்னைவிட ஒரு பிடி அதிகமாகவே அதட்டினார்.

"கூப்பிடுடி."

"அம்மா," என்றாள் மகள். "பக்கத்துலயா இருக்கே?"

இருக்கேன் என்றேன். பாலைக் குடி, எழுந்திரு, எதுவுமே என் வாயில் வரவில்லை.

"நீ அதட்டுவேன்னு இல்லம்மா," என்றாள். "உன் குரலைக் கேட்டா நான் அழுதுடுவேன். இங்க எல்லாரும் என்னைத் தைரியசாலின்னு நினைச்சிக்கிட்டு இருக்காங்க. நீ வந்து நின்னா அவ்வளவுதான், பிரசவ ரூம்ல நான் சின்னப் பிள்ளையாயிடுவேன். அதான் வேண்டாம்னேன்." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு பயமா இருக்கும்மா. நீ வா."

எனக்கே தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வருகிறேன் என்று சொல்ல வேண்டும், அதுகூடச் சொல்ல வரவில்லை. ஃபோனைப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். சம்பந்தியம்மா என் முதுகில் கையை வைத்துத் தடவினார்.

"ரெஸ்பிரே," என்றார்.

விட்டேன். விட்ட பிறகுதான் வரேன்டி என்ற சொல் வெளியே வந்தது, கூடவே அழுகையும். மூன்று பேரும் மூன்று விதமாக அழுதோம். படம் எடுக்கிற வேலை என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோய், டாக்டர் கதவைத் தட்டிய பிறகுதான் எடுத்தேன். விலாவில் ஒன்றும் இல்லை, வெறும் கன்றல்தான். என் வீட்டுக்காரர் கதவு ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் நீ பிறந்தபோது என்று ஃபோனைப் பார்த்து ஆரம்பித்தார். மகன் அவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். அம்மாவுக்கு டிக்கெட் போடணும்ல, நாளைக்குப் பார்க்கலாம் என்றான்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சம்பந்தியம்மா முந்திக்கொண்டார்.

"இப்பவே போடுடா."

போட்டான்.